புது மொடல் வந்துவிட்டது, உங்கள் லெப்டொப்பை மாற்றத்தான் வேண்டுமா?

புது மொடல் இறங்கியிருக்கிறது என்று கடையிலிருந்து வட்ஸ்அப்பில் படம் வந்ததும் விலை கேட்காதீர்கள். முதலில் கையில் இருக்கும் லெப்டொப்பை ஒரு வாரம் கவனியுங்கள். எந்த வேலையில் அது இழுக்கிறது, எப்போது நின்றுவிடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு லட்ச ரூபாய் லெப்டொப் என்றால், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் அறிவித்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் கிட்டத்தட்ட 150 பேர் (ஒரு நாள் வேலை ஒரு பேர்), அதாவது ஓர் அம்மா ஆறு மாதம் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்த காசு. நம் மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் நகையை அடகு வைத்துத்தான் கம்பஸ் போகும் பிள்ளைக்கு லெப்டொப் எடுக்கிறார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் மாறியதற்காக அந்தக் காசு போகக் கூடாது.

சரி, எப்படிக் கவனிப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: சூம் வகுப்பு, பத்துப் பதினைந்து டேப், ஒரு வேர்ட் ஃபைல். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று, பக்கத்தில் எச்டிடி என்று காட்டினால், உங்கள் பிரச்சினை பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். கொட்டகலைப் பக்கம் ஓர் ஆசிரியர் லெப்டொப் செத்துவிட்டது, புதிது எடுக்கப் போகிறேன் என்று கொண்டு வந்தார். ஒன் செய்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டோம், புது லெப்டொப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போதும் அதில்தான் மார்க்ஸ் ஷீட் போடுகிறார்.

டிஸ்க் சரியாக இருந்து மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரெம் போதவில்லை. அப்போது உங்கள் மொடலில் ரெம் கழற்றிப் போடக்கூடியதா, போர்டிலேயே பற்றவைத்ததா என்று பாருங்கள், மெல்லிய லெப்டொப்களில் பெரும்பாலும் பற்றவைத்துத்தான் வருகிறது. கழற்றலாம் என்றால் இன்னொரு 8 ஜிபி போட்டு இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரெம் விலை ஏறியிருப்பதால் கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பற்றவைத்த 4 ஜிபி என்றால் அதில் காசு கொட்டாதீர்கள், அது மாற்ற வேண்டிய லெப்டொப்தான்.

அப்புறம்தான் புது மொடலைப் பார்க்க வேண்டும், அதிலும் உள்ளே இருக்கும் சிப்பின் (புரொசெசரின்) முழுப் பெயரைக் கேளுங்கள். "புது ஐ5" என்று சொன்னால் போதாது. இன்டெலின் ஐ5-1235யூ, அடுத்த வருடம் வந்த ஐ5-1335யூ, அதற்கும் பிறகு பெயரை மாற்றி வந்த கோர் 5 120யூ, மூன்றிலும் கோர் என்கிற வேலை செய்யும் பகுதி 10 தான், கேஷ் என்கிற சிப்பின் உள் நினைவகம் 12 எம்பிதான். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 கிகாஹேர்ட்ஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வேர்ட், எக்செல், பிரவுசர் என்று வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 1235யூ வைத்திருப்பவர் 120யூவுக்கு மாறுவது வீண் செலவு என்று தயங்காமல் சொல்வேன்.

இன்டெலின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் சிப்பில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் ஜென் (ஏஎம்டி சிப் வடிவமைப்பின் பெயர்) தலைமுறை. ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019 இல் அறிமுகமான ஜென் 2. 7530யூ ஜென் 3, பழைய 5625யூவைத்தான் வேறு பெயரில் விற்கிறார்கள். 7540யூ ஜென் 4. மூன்றும் ஒரே கண்ணாடி அலமாரியில், ஒரே ரைசன் 5 ஸ்டிக்கரோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 5625யூ வைத்திருக்கும் தங்கச்சி "7000 வந்துவிட்டது" என்று 7520யூவுக்கு மாறினால் காசும் கொடுத்து வேகமும் குறைந்த லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டு போவார். இதை யாரும் கடையில் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஏஐ ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசொஃப்ட் 2024 இல் கொண்டு வந்த கோபைலட் பிளஸ் லெப்டொப் வகைக்கு 40 டொப்ஸ் (ஏஐ கணக்கு வேகத்தின் அளவு) வேகமுள்ள என்பியூவும் (சிப்பில் ஏஐ வேலைக்கான பகுதி) 16 ஜிபி ரெம்மும் வேண்டும். இன்டெலின் முதல் தலைமுறை கோர் அல்ட்ரா சிப்பின் என்பியூ 11 டொப்ஸ் அளவுதான், ஆனாலும் ஏஐ பிசி என்றே அதை விற்றார்கள். சட்ஜிபிடி மாதிரி பிரவுசரில் பாவிப்பவை எல்லாம் இணையத்தில் ஓடுகின்றன, உங்கள் பழைய லெப்டொப்பிலும் அதே பதில்தான் வரும்.

வைஃபை 7 என்பதற்காகவும் காசு கூடக் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் டொங்கலை ஜன்னல் ஓரம் வைத்து 4ஜி பிடிக்கிற நமக்கு, வேகம் குறைவது கோபுரத்துக்கும் டொங்கலுக்கும் நடுவில்.

நம் மலையில் உண்மையில் பயன்படும் மாற்றம் இரண்டு. ஒன்று பெட்டரி. தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மரம் கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஒன்லைன் எக்ஸாம் அதற்காகக் காத்திருக்காது. புது மொடலில் பெட்டரி எத்தனை வொட்-அவர் என்று பழையதோடு ஒப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் பெட்டரியின் நிலையைப் பாருங்கள். கொமாண்ட் ப்ரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், பெட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 42,000 என்றிருந்து ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போதைய கொள்ளளவு) 20,000 என்று காட்டினால் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியென்றால் நல்ல பெட்டரி ஒன்று மாற்றினாலே போதும்.

இரண்டாவது சார்ஜர். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலில் சார்ஜர் கருகுவது நமக்குப் புதிதல்ல. பழைய மொடல் கம்பனியின் தனிப் பின் கொண்டதாகவும், புதியது யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆவதாகவும் இருந்தால் அது நல்ல மாற்றம், ஏனென்றால் தேவையான வொட் உள்ள சார்ஜரை டவுனிலேயே எடுக்கலாம், கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த மொடலானாலும் இடி இடிக்கும்போது வயரைக் கழற்றிவிடுங்கள்.

எப்போது தயங்காமல் மாற்றலாம்? உங்களுடையது விண்டோஸ் 11 ஏற்காத பழைய லெப்டொப் என்றால் யோசிக்க வேண்டியதுதான். விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, பதிந்துகொண்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11 ஏறும். பேங்க் கணக்கு, ஈ-பில் எல்லாம் அதே லெப்டொப்பில் பார்க்கிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஹிஞ்ச் உடைந்து ஸ்க்ரீன் வயரையும் இழுத்துவிட்டது, போர்டில் ஈரம் ஏறி அடிக்கடி நிற்கிறது என்றாலும் சரி, வீடியோ எடிட்டிங், ஓட்டோகேட் என்று வேலையே மாறிவிட்டது என்றாலும் சரி, மாற்றுங்கள். மெக்புக் எயாரில் 2020 இன் 8 ஜிபி எம்1 சிப்பிலிருந்து 2025 இன் 16 ஜிபி எம்4 சிப்புக்குப் போவது பெரிய தாவல். 16 ஜிபி எம்3 வைத்திருப்பவர் அப்படியே இருக்கலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், புதியது வந்த வாரத்தில் அதே வரிசையின் முந்தைய மொடலுக்கு என்ன விலை என்று கேளுங்கள். கடைக்காரர் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார், பேசிக் குறைக்கலாம். கொழும்பில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா வரை போனால் இன்னும் குறையலாம்தான், ஆனால் பழுதானால் திருப்பிக் கொண்டு போகும் பஸ் காசையும் லீவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வொரண்டி கம்பனி முகவருடையதா, கடையுடையதா என்று கேளுங்கள். முகவருடையது என்றால் கண்டியிலோ நுவரெலியாவிலோ கையளிக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் கொழும்புக்குப் பார்சல் அனுப்பும் செலவு யாருடையது என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே ஒன் செய்து, டாஸ்க் மெனேஜரில் சிப்பின் பெயரும் ரெம்மும் சொன்னதுதானா என்று பார்த்து, அடியில் உள்ள சீரியல் நம்பர் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்.