எம்யூஎன் கிளப்புக்கு ரூல்ஸ் எழுதுறப்போ எல்லாரும் பண்ற தப்புகள்

எம்யூஎன்னா மாடல் யுனைடெட் நேஷன்ஸ், மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டு பிரதிநிதியா (டெலிகேட்) உக்காந்து ஐநா மாதிரியே விவாதம் பண்றது. அப்படி ஒரு கிளப்ப நடத்துறதுக்கு எழுதி வெக்குற ரூல்ஸ்தான் பைலா. போன மாசம் ஜூனியர் ஒருத்தன் வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பி, "அக்கா, நம்ம எம்யூஎன் கிளப்புக்கு பைலா ரெடி, ஒரு தடவ பாத்துட்டு ஓகேவான்னு சொல்லுங்க"ன்னு கேட்டான். 23 பக்கம். மூணாவது பக்கத்துலயே 'ஃபால் செமஸ்டர்ல தேர்தல் நடக்கும், ஸ்ப்ரிங் செமஸ்டர்ல பட்ஜெட்ட ஸ்டூடண்ட் செனட்டுக்கு அனுப்பணும்'னு இருக்கு. டேய், நமக்கு ஆட் செம் ஈவன் செம்தானடா, செனட்டுக்கு எங்கடா போவேன்னு கேட்டா, "அது ஒரு அமெரிக்க காலேஜ் கிளப்போடது அக்கா, நல்லா இருந்துச்சுன்னு அப்படியே எடுத்துட்டோம்"ங்கிறான்.

காப்பி அடிச்சதுல எனக்கு வருத்தம் இல்ல, எல்லாரும் எங்கயோ ஒரு இடத்துல இருந்துதான் எடுக்குறாங்க. ஆனா அங்க நிறைய காலேஜ்ல கிளப்புக்கு காசு குடுக்குறதே ஸ்டூடண்ட் கவர்மெண்ட்தான், அதனால அவங்க ரூல்ஸ்ல பாதி அந்த காச பத்தியே இருக்கும். நம்ம ஊர்ல கிளப் உயிரோட இருக்குறது ஸ்டாஃப் கோஆர்டினேட்டர் கையெழுத்துலயும் பிரின்சிபால் விடுற சர்க்குலர்லயும் ஓடி (ஆன் டியூட்டி, கிளப் வேலையா போனா அட்டெண்டன்ஸ் குடுக்குற) லெட்டர்லயும்தான். அந்த 23 பக்கத்துல ஓடி யார் வாங்கணும், எத்தன நாள் முன்னாடி பேர் லிஸ்ட் குடுக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. வெளியூர் கான்ஃபரன்ஸ்க்கு மூணு நாள் போயிட்டு வந்து அட்டெண்டன்ஸ் 75க்கு கீழ இறங்கிட்டா, பைலால எவ்வளவு அழகான முகவுரை இருந்தாலும் ஹெச்ஓடி ரூம் வாசல்ல நிக்கப்போறது நீங்கதான்.

அடுத்தது, நான் பாத்த வரைக்கும் புது கிளப் எல்லாமே விழுற குழி, ரெண்டு ரூல் புக்க ஒண்ணா போட்டு கலக்குறது. கான்ஃபரன்ஸ் கமிட்டிக்குள்ள விவாதம் எப்படி நடக்கணும், மாடரேட்டட் காகஸ் (சேர் ஒவ்வொருத்தரா பேச விடுற விவாதம்) எவ்வளவு நேரம், எந்த மோஷன (சபைல வெக்குற கோரிக்கைய) முதல்ல ஓட்டுக்கு விடணும்னு சொல்றது ஆர்ஓபி, அதாவது ரூல்ஸ் ஆஃப் ப்ரொசீஜர். கிளப்பே எப்படி நடக்கணும், யார் மெம்பர், யார் பொறுப்பாளர், காசு யார் கைல இருக்கணும்னு சொல்றது பைலா. முன்னாடி சொன்னது கான்ஃபரன்ஸுக்கு கான்ஃபரன்ஸ் மாறும், ஒருத்தர் யூஎன்ஏ யூஎஸ்ஏ (அமெரிக்க ஐநா சங்கம்) முறையில நடத்துவார், இன்னொருத்தர் ஐநா பொதுச்சபையோட விதியவே வெச்சு நடத்துவார். பைலா அப்படி மாறக்கூடாது. எங்க கிளப்ல மொத வருஷம் ரெண்டையும் ஒரே டாக்குமெண்ட்ல போட்டு வெச்சிருந்தோம், அதோட பலன் என்னன்னா பொதுக்குழுல கணக்கு கேட்டு ஒரு பொண்ணு எழுந்து நின்னப்போ இன்னொருத்தன் நாட்டு பேர் எழுதுன பிளக்கார்ட தூக்கி மீட்டிங்க ஒத்திவைக்க மோஷன் கொண்டு வந்துட்டான், ரூல் படி மோஷனுக்குத்தான் முன்னுரிமைன்னு சேர்ல இருந்தவரும் ஓட்டுக்கு விட்டுட்டார், நாலே நிமிஷத்துல மீட்டிங் முடிஞ்சிடுச்சு, கணக்கு மட்டும் வரவே இல்ல.

அதே டாக்குமெண்ட்ல இன்னொரு கூத்தும் இருந்துச்சு. கிளப்ப ஆரம்பிச்ச அஞ்சு பேரும் 'நிரந்தர உறுப்பினர்கள்', அவங்களுக்கு வீட்டோ (ஒரே ஆள் வேண்டாம்னா முடிவே நிக்கும்) உண்டுன்னு பேர் போட்டே எழுதியிருந்தோம், ஏன்னா ஐநா பாதுகாப்பு கவுன்சில்ல அப்படி அஞ்சு நாடு இருக்குல்ல. அந்த அஞ்சுல மூணு பேர் பாஸ் அவுட் ஆகி பெங்களூர்ல வேலைக்கு போயாச்சு, ஆனாலும் வாட்ஸப்ல இருந்துக்கிட்டு புது டீம் எது செஞ்சாலும் வேண்டாம்னு ஒரு தம்ஸ் டவுன் போட்டாங்க. ரூல்ஸ்ல ஆளோட பேர எழுதுனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஐநாவோட அடிப்படை சாசனமான சார்ட்டரையே எடுத்து பாருங்க, 23வது பிரிவுல இன்னைக்கும் 'சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்'னுதான் இருக்கு, 1991லயே அந்த நாடு போயாச்சு, சீட்டுல உக்காந்திருக்கிறது ரஷ்யா. 'சீனக் குடியரசு'ன்னு இருக்கிற இடத்துல 1971ல இருந்து உக்காந்திருக்கிறது மக்கள் சீனம். மாத்தணும்னா 108வது பிரிவு படி மூணுல ரெண்டு பங்கு நாடு ஒத்துக்கணும், அதுல அந்த அஞ்சு நிரந்தர நாடும் இருந்தே ஆகணும். உலக நாடுகளுக்கே இந்த கதின்னா உங்க கிளப்புக்கு சொல்லவே வேணாம், பேர் எழுதாதீங்க, பதவிய எழுதுங்க, பாஸ் அவுட் ஆன அன்னைக்கே ஓட்டுரிமை போயிடும்னு ஒரு வரி சேத்துடுங்க. (அந்த சார்ட்டர்ல 1945 ஜூன் 26 அன்னைக்கு சான் ஃபிரான்சிஸ்கோல இந்தியா சார்பா கையெழுத்து போட்டவர்கள்ல ஒருத்தர் நம்ம ஆற்காடு ராமசாமி முதலியார். ஃபிரெஷர்ஸ் ட்ரெய்னிங்ல இத சொல்லுங்க, தூங்குறவன் கூட எழுந்து உக்காருவான்.)

இப்போ பதவிங்க. இங்கதான் நம்ம பசங்களுக்கு கை அரிக்கும். செக்ரட்டரி ஜெனரல், டைரக்டர் ஜெனரல், டெபுட்டி டைரக்டர் ஜெனரல், அப்புறம் அண்டர் செக்ரட்டரி ஜெனரல் ஒரு டஜன், மார்க்கெட்டிங்குக்கு ஒருத்தர், ஹாஸ்பிடாலிட்டிக்கு ஒருத்தர், டிசைனுக்கு ரெண்டு பேர். லிங்க்ட்இன்ல போட நல்லாத்தான் இருக்கும், நானும் போட்டிருக்கேன், ஒத்துக்கிறேன். ஆனா கான்ஃபரன்ஸ் அன்னைக்கு காலைல எட்டு மணிக்கு கமிட்டி ரூம் சாவி யார்கிட்டன்னு கேட்டா அத்தன பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க.

இதுல அடிப்படை குழப்பம் என்னன்னா, கிளப் பிரசிடெண்டும் கான்ஃபரன்ஸ் செக்ரட்டரி ஜெனரலும் ஒரே வேலைன்னு நெனைக்கிறது. பிரசிடெண்ட்டுக்கு வருஷம் முழுக்க வேலை, வாரா வாரம் செஷன் நடக்குதா, ஜூனியர்ஸ் வராங்களா, வெளி கான்ஃபரன்ஸ்க்கு டெலிகேஷன் போகுதா, ஸ்டாஃப்கிட்ட பேசியாச்சா. செக்ரட்டரி ஜெனரலுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, நம்ம காலேஜ்ல நடக்குற அந்த ரெண்டு மூணு நாள் கான்ஃபரன்ஸ், அதுக்கு ஈபி (கமிட்டிய நடத்துற எக்சிகியூட்டிவ் போர்டு) யார கூப்பிடுறது, அஜெண்டா என்ன, ஓசி (ஆர்கனைசிங் கமிட்டி) எத்தன பேர், முடிஞ்சு கணக்கு ஒப்படைச்சா பதவியும் முடிஞ்சுது. ரெண்டையும் ஒரே ஆள் தலைல கட்டுனா கான்ஃபரன்ஸ் முடிஞ்ச அப்புறம் அந்த ஆள் ரெண்டு மாசம் கிளப் பக்கமே வரமாட்டார், ரெண்டு பேருக்கு குடுத்துட்டு யாருக்கு எதுல கடைசி வார்த்தைன்னு எழுதாம விட்டா ஸ்பான்சர் ஒருத்தர்கிட்டயே ரெண்டு பேரும் தனித்தனியா போய் ரெண்டு ரேட் சொல்லிட்டு வருவாங்க. இதுல ரெண்டாவது சொன்னதுதான் எங்களுக்கு நடந்தது.

வைஸ் பிரசிடெண்ட் பாவம். பெரும்பாலான பைலால அவருக்கு இருக்குற ஒரே வரி 'பிரசிடெண்ட் இல்லாதப்போ அவர் வேலைய பாப்பார்'. அதாவது பிரசிடெண்ட்டுக்கு ஜுரம் வந்தாத்தான் இவருக்கு வேலை. ட்ரெய்னிங்க இவர்கிட்ட குடுத்துடுங்க, ரிசர்ச், பொசிஷன் பேப்பர் (நம்ம நாட்டோட நிலைப்பாட்ட சொல்ற கட்டுரை), மாக் செஷன் எல்லாம், வருஷம் பூரா கைல வேலை இருக்கும். செகரட்டரின்னா மினிட்ஸ் எழுதி ரெண்டு நாளைக்குள்ள குரூப்ல போடுறது, மெம்பர் ரிஜிஸ்டர் வெச்சிருக்கிறது, ஓடி லிஸ்ட் போடுறது. கேக்க சப்பையா இருக்கும், ஆனா கிளப்ல சண்டை வந்தா எல்லாரும் தேடி ஓடுறது இந்த ஆளோட நோட்டைத்தான்.

காசு விஷயத்த கொஞ்சம் நிதானமா சொல்றேன். டெலிகேட்டுங்க கட்டுற டெல் ஃபீ பூரா ட்ரெஷரரோட சொந்த ஜிபேல விழுறது ரொம்ப சாதாரணமா நடக்குது. அந்த பையன் திருடன்னு யாரும் சொல்லல, ஆனா அவன் அக்கவுண்ட்ல ஹாஸ்டல் மெஸ் காசும் இருக்கு, அம்மா அனுப்புன காசும் இருக்கு, 80 டெலிகேட்டோட ஃபீஸும் இருக்கு, கான்ஃபரன்ஸ் முடிஞ்சு பிளக்கார்டு பிரிண்ட்டுக்கு எவ்வளவு, லஞ்ச்சுக்கு எவ்வளவுன்னு பிரிக்க உக்காந்தா அவனுக்கே புரியாது, அப்புறம் பேர் கெடுறது அவனுக்குத்தான். முடிஞ்ச வரைக்கும் காலேஜ் அக்கவுண்ட்ஸ் ஆஃபீஸ் வழியா வாங்குங்க, லேட் ஆகும், கிளர்க் திட்டுவார், பரவால்ல. வாங்குற ஆள் ஒருத்தர், செலவுக்கு ஓகே சொல்ற ஆள் வேற ஒருத்தர், குறிப்பிட்ட தொகைக்கு மேல போனா ஸ்டாஃப் கையெழுத்துன்னு மூணு வரி போதும். கான்ஃபரன்ஸ் முடிஞ்சு 15 நாள்ல பில்லோட கணக்கு வரலைன்னா அந்த டீம்ல காசு தொட்ட யாரும் அடுத்த தேர்தல்ல நிக்க முடியாதுன்னும் போடுங்க. ரொம்ப கடுமையா இருக்கேன்னு அந்த ஜூனியர் கேட்டான், உத்திரமேரூர் போயிருக்கியாடான்னு கேட்டேன். காஞ்சிபுரம் பக்கத்துல கோயில் சுவத்துல பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டுனது, குடவோலைக்கு யார் பேர் போடலாம் யார் பேர் போடக்கூடாதுன்னு பட்டியலே இருக்கு. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாத ஆள் பேர ஓலைல எழுதக்கூடாது, அவர் மட்டும் இல்ல, அவரோட சின்னம்மா பெரியம்மா பசங்க பேரையும் சேத்து எழுதக்கூடாது. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவரும் வரக்கூடாது, ஏரி வாரியம் தோட்ட வாரியம்னு வேலைக்கு ஒரு வாரியம், பதவி காலம் 360 நாள். அதையும் யாரோ ஒருத்தரோட கூகுள் டிரைவ்ல வெக்காம ஊரே பாக்குற மாதிரி கல்லுல வெட்டி வெச்சாங்க பாருங்க, அதான் விஷயம். எங்க பைலா ரெண்டு வருஷம் பாஸ்வேர்ட் மறந்த ஒரு மெயில் ஐடிக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு.

ஓட்டு கணக்குக்கு வருவோம். 'மூணுல ரெண்டு பங்கு ஆதரவு இருந்தா ரூல மாத்தலாம்'னு எழுதிட்டு நிம்மதியா போயிடுவாங்க. எதுல மூணுல ரெண்டு? கிளப்ல 60 பேர், மீட்டிங்குக்கு வந்தது 24, ஆதரவு 13, எதிர்ப்பு 6, அஞ்சு பேர் யாருக்கும் போடல. மொத்த மெம்பர்ல பாத்தா 40 வேணும், தோல்வி. வந்தவங்கள்ல பாத்தா 16 வேணும், அதுவும் தோல்வி. ஆமா இல்லைன்னு ஓட்டு போட்ட 19 பேர்ல பாத்தா 13 போதும், பாஸ். ஒரே மீட்டிங், ஒரே ஓட்டு, விடை ரெண்டு, சண்டை ஒரு செமஸ்டர். ஐநால இத தெளிவா பிரிச்சிருக்காங்க, பொதுச்சபை முக்கியமான தீர்மானத்துக்கு வந்து ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு, அப்ஸ்டெயின் பண்ணவங்கள ஓட்டே போடாதவங்கன்னு வெச்சுக்குவாங்க, ஆனா சார்ட்டர மாத்தணும்னா மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு, 193க்கு 129. நீங்களும் அதே மாதிரி தினசரி முடிவுக்கு ஒண்ணு, ரூல் மாத்துறதுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்.

ஆனா அதுக்கு முன்னாடி மெம்பர் யாருன்னு சொல்லணும். வாட்ஸப் குரூப்ல 240 பேர் இருக்காங்க, அதுல பாதி ஃபர்ஸ்ட் இயர் ஓரியண்டேஷன் அன்னைக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு மறந்துபோன பசங்க. கோரம் (மீட்டிங் செல்லுபடியாக குறைஞ்சது எத்தன பேர் வரணும்ங்கிறது) 'பாதி மெம்பர்'னு எழுதிட்டா 120 பேர் வரணும், மாடல் எக்ஸாம் வாரத்துல 20 பேர் வந்தாலே பெரிய விஷயம், ஆக கிளப்பால வருஷத்துக்கும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. செமஸ்டர்ல மூணு செஷனாவது வந்திருந்தாத்தான் ஓட்டு, அப்படி வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு கோரம், இந்த அளவு எங்களுக்கு சரியா வந்துச்சு.

வெளி கான்ஃபரன்ஸ்க்கு யார் போறதுன்னு முடிவு பண்றதுல நடக்குற அநியாயத்த தனியா எழுதணும். செலக்ட் பண்றதும் பிரசிடெண்ட், பாதுகாப்பு கவுன்சில்ல நல்ல நாட்ட எடுத்துக்கிட்டு போறதும் பிரசிடெண்ட். ஜூனியர்ஸ்க்கு மிச்சம் கிடைக்கிறது யாரும் கூப்பிடாத கமிட்டி. பொசிஷன் பேப்பர்ல பேர எடுத்துட்டு நம்பர் போட்டு, போட்டில இல்லாத சீனியர்கிட்ட குடுத்து மார்க் போட சொல்லுங்க. தேர்தல் நடத்துற ஆளும் தேர்தல்ல நிக்குற ஆளா இருக்கக்கூடாது, இது எழுதி வெக்கணுமான்னு கேப்பீங்க, எழுதி வெக்கணும்.

யாராவது ஒருத்தர் வேல பாக்கலன்னா எப்படி எடுக்குறதுன்னு பாதி பைலால இருக்காது. சார்ட்டர்லயே செக்ரட்டரி ஜெனரல எப்படி நீக்குறதுன்னு இல்லையேன்னு ஒருத்தன் என்கிட்ட வாதம் பண்ணான், சரிதான், ஆனா அங்க நிக்கிறவரு செமஸ்டர் பாதில இன்டர்ன்ஷிப்புக்கு போயிட்டு ஃபோன ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாட்டாரு. தொடர்ந்து மூணு மீட்டிங் சொல்லாம வரலன்னா பதவி காலின்னு எழுதுங்க, குத்தம் சாட்டுனா அவர் பதில் சொல்ல ஒரு வாரம் குடுங்க. ஆனா பாலியல் தொந்தரவு புகார் வந்தா மட்டும் கிளப்பே ஒரு விசாரணை கமிட்டி போடுற வேலைக்கு போகவே கூடாது. கான்ஃபரன்ஸ் சோஷியல் நைட்ல ஏதாவது நடந்தா நாமளே பேசி முடிச்சுக்கலாம்னு சீனியர்ஸ் உக்காருவாங்க, குத்தம் சாட்டப்பட்டவன் அவங்க ரூம்மேட்டா இருப்பான். 2013 சட்டமும் யூஜிசியோட 2015 விதியும் ஒவ்வொரு காலேஜ்லயும் இதுக்குன்னு ஒரு உள் புகார் குழு இருக்கணும்னு சொல்லுது, பைலால நீங்க எழுத வேண்டியது புகார் அங்க போகும்ங்கிறதும், அந்த குழுவ எப்படி அணுகுறதுங்கிறதும்தான்.

கடைசியா ஹேண்டோவர். ஏப்ரல்ல ஃபேர்வெல் அன்னைக்கு கண் கலங்கிட்டு புது பிரசிடெண்ட் கைல சேரோட மர சுத்தியல (gavel) குடுத்து ஃபோட்டோ எடுத்துக்குவாங்க, ஜூலைல பாத்தா இன்ஸ்டா பாஸ்வேர்ட் பழைய ஆளோட ஃபோன் நம்பர்ல ஓடிபி கேக்கும், அவர் நம்பர மாத்தியிருப்பார். ஐநா செக்ரட்டரி ஜெனரலா குட்டெரெஸ 2016 அக்டோபர்லயே நியமிச்சுட்டாங்க, பதவி ஏத்தது 2017 ஜனவரி 1. நடுவுல ரெண்டரை மாசம். நம்ம பிப்ரவரி கடைசில தேர்தல் வெச்சுட்டு ஏப்ரல் வரைக்கும் புது ஆள பழைய ஆள் கூடவே சுத்த விட்டா போதும், ஸ்டாஃப்கிட்ட எப்படி பேசணும், ஆடிட்டோரியம் புக் பண்ண யார பாக்கணும், எந்த பிரிண்ட் கடைல கடன் சொல்லலாம்ங்கிறதெல்லாம் எந்த பைலாலயும் எழுத முடியாதது, கூட நடந்தாத்தான் தெரியும். மெயில், டிரைவ், இன்ஸ்டா எல்லாம் கிளப் பேர்ல, ரெக்கவரி நம்பர் ஸ்டாஃப் கோஆர்டினேட்டரோடது.

அந்த ஜூனியர் போன வாரம் திருத்தி அனுப்பினான், இப்போ ஆறு பக்கம்தான் இருக்கு. அண்டர் செக்ரட்டரி ஜெனரல் மட்டும் இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க, அத குறைக்க மாட்டேங்கிறான்.