பித்தளை ஃபில்டரும் 21-ஆம் கிளாஸும்

பித்தளை காபி ஃபில்டர் செய்கிறோம். பிராண்ட் பெயருக்கு டிரேட்மார்க் போட உட்கார்ந்தால் முதல் கட்டத்திலேயே முட்டிக்கொண்டது: எந்த கிளாஸ், அதாவது பொருள் எந்த வகை எண்ணில் வரும்? உலோகம்தானே என்று 6-இல் தேடினேன். சமையல் பாத்திரம் அங்கே வராது. தெரிந்தவர் 11 என்றார். அது கரண்டில் ஓடும் காபி மேக்கருக்கு. மூன்று நாள் போச்சு. கடைசியில் நைஸ் வகைப்பாட்டின் (டிரேட்மார்க்குக்காகப் பொருட்களை வகை பிரிக்கும் சர்வதேச முறை) அகரவரிசைப் பட்டியலில் பொருளின் பெயரை வைத்தே தேடினேன். பிளக் இல்லாத காபி பாத்திரம் 21. (காகித ஃபில்டர் என்றால் 16!) பிராண்ட் பெயரையும் 21-இல் மறுபடி தேடிப் பார்த்தேன், வேறு யார் பெயரோடும் மோதல் இல்லை.

அடுத்த முடிச்சு, பயன்பாட்டுத் தேதி: பிராண்ட் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறோம் என்பது. 2017 முதல் என்று போட்டால் பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரமும் வேண்டும். பழைய பில் கட்டைப் பிரித்தால் எல்லாவற்றிலும் ‘பி.ஃபில்டர் 12 உருப்படி’ என்றுதான் இருக்கிறது. பிராண்ட் பெயர் ஒன்றில்கூட இல்லை! அட்டைப்பெட்டி அடித்த அச்சகத்தின் 2019 பில்லிலும், அதே மாதம் கடைக்குப் போன சலானிலும்தான் பெயர் இருந்தது. 2017-ஐ விட்டுவிட்டு அந்த சலான் தேதியையே போட்டு, இரண்டையும் இணைத்து டிஎம்-ஏ என்ற டிரேட்மார்க் விண்ணப்பப் படிவத்தை அனுப்பினேன். உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு) வைத்ததால் கட்டணம் 9,000 இல்லை, 4,500 ரூபாய்தான். அப்பாடா.