குழந்தை கையில் போனைக் கொடுக்காமலே, போனை வைத்து நல்ல பழக்கம் பழக்குவது எப்படி?

பல் தேய்க்க ஒரு ஆப், தூங்க வைக்க ஒரு ஆப், காய்கறி சாப்பிட வைக்க ஒரு ஆப் என்று ப்ளே ஸ்டோரில் தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். முக்கால்வாசி தேவையே இல்லை. போனில் ஏற்கெனவே இருக்கிற கடிகாரமும் காலண்டரும் போதும், ஏனென்றால் 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைப் பல் தேய்க்கும் கார்ட்டூனில் செலவழிப்பானேன்? குழந்தை காதால் கேட்கட்டும், திரையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. நான் சொல்வது ராத்திரிப் பல் தேய்ப்பு. காலையில் எப்படியும் தேய்த்துவிடுகிறோம், ராத்திரிதான் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகிறது.

போனில் ரெக்கார்டரைத் திறந்து, பாட்டியையோ தாத்தாவையோ பேசச் சொல்லுங்கள்: "தங்கம், பல்லு தேய்க்கலாம் வா வா!" பத்து விநாடி போதும். அப்புறம் கடிகார ஆப்பில் 8 மணிக்கு ஒரு அலாரம் வைத்து, ஏழு நாளும் அடிக்கிற மாதிரி தேர்வு செய்து, அலாரம் ஒலி என்கிற இடத்தில் அந்தப் பதிவைச் சேருங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் இது சுலபம். அம்மா கூப்பிட்டால் "அப்புறம்" என்கிற பிள்ளை, ஊரிலிருக்கும் பாட்டி குரல் கேட்டால் எழுந்து ஓடும்.

அலாரம் அடித்ததும் 2 நிமிட டைமரைத் தட்டிவிட்டு, போனை அலமாரியில் கவிழ்த்து வையுங்கள். பேஸ்ட் 3 வயதுக்குள் என்றால் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிதுக்குவது விளம்பரத்துக்கு மட்டும்தான். முதலில் குழந்தை தேய்க்கட்டும், பிறகு நீங்கள் வாங்கி உள்பக்கக் கடைவாயைத் தேய்த்துவிடுங்கள், அந்தச் சின்னக் கைக்கு அது எட்டாது.

இது படிந்த பிறகு தூக்கம். 3, 4 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். காலை 7 மணிக்கு எழவேண்டிய குழந்தை, மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறது என்றால், ராத்திரி எட்டரைக்குப் படுத்தால் சரியாக வரும். செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் போய், பெட்டைம் மோடை எட்டரைக்கு வையுங்கள், உங்கள் போனில்தான். திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், நோட்டிபிகேஷன் சத்தமும் அடங்கும். ஆனால் கூடத்தில் சீரியல் அலறிக்கொண்டிருந்தால் எந்த ஆப்பும் உதவாது.

சாப்பாட்டுக்கு வருவோம். வீடியோ பார்த்தால்தான் வாய் திறக்கும் குழந்தைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வீடே ரணகளமாகும். முதலில் அதே பாட்டை ஓடவிட்டு போனைக் கவிழ்த்து வையுங்கள், சத்தம் மட்டும் வரட்டும். சில நாளில் பாட்டைப் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள், பிறகு பாட்டே வேண்டாம். மற்ற நேரத்தில் யூடியூப் கிட்ஸ் கொடுத்தால், கீழே இருக்கும் பூட்டுப் படத்தைத் தொட்டு டைமர் வையுங்கள். நேரம் முடிந்ததும் அதுவே பூட்டிக்கொள்ளும், வில்லன் பட்டம் உங்களுக்கு வராது.

நடை கணக்கிடும் வாட்ச் எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம். மொட்டை மாடியில் பந்தைப் போட்டுவிட்டால் போதும்.

கடைசியாகக் காலண்டர். தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பாக்கி இருக்கிற தேதிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு வாரம் முன்பே நினைவூட்டச் சொல்லுங்கள். ஒன்றரை வயது ஊசி வரை பலரும் ஒழுங்காகப் போடுகிறார்கள், 5 வயது முடிந்து போடவேண்டிய பூஸ்டர்தான் மறந்துபோகிறது. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் (U-WIN) பதிந்திருந்தால் எஸ்எம்எஸ்ஸும் வரும். அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது அந்த எண்ணையும் அதே காலண்டரில் குறித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்பது முக்கியமில்லை, நம் பிள்ளையின் எடை மாதாமாதம் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தனி ஆப்தான் வேண்டும் என்றால், அது என்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பல் தேய்க்கிற ஆப்புக்கு உங்கள் காண்டாக்ட் லிஸ்ட் எதற்கு? குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, போட்டோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

அலாரம் அடிக்கும் முன்பே பிள்ளை பிரஷைத் தேட ஆரம்பித்துவிட்டால் அலாரத்தை எடுத்துவிடலாம். காலண்டரை மட்டும் அழிக்காதீர்கள், அந்த பூஸ்டர் ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது.