நூறு நாள் வேலைக் கூலி எங்கே போனது? என் அனுபவம்

2024 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாகவே போடுவதென்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அம்மாவுக்கு அதன்பின் கூலியே வரவில்லை. ஊராட்சியில் "டெல்லியிலருந்துதானே போடுறாங்க" என்றார்கள். வங்கியில் "பஞ்சாயத்துல கேளுங்கம்மா" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அலைவது வெயிலில் மண் வெட்டியவர். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வேலை அட்டை எண்ணை நரேகா எனும் நூறு நாள் வேலைத் திட்ட இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், கூலி வரவாகிவிட்டதாகக் காட்டியது! ஆதார் வழிப் பணம், அட்டையில் எழுதிய கணக்குக்குப் போகாது. கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும். மகளிர் குழுக் கடனுக்காக வேறு வங்கியில் திறந்த பாஸ்புக்கில் பதிவு போட்டோம். வரிசையாகக் கூலி!

பழைய வங்கியிலேயே ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து மாற்றிக்கொண்டோம். எந்த வங்கியில் இணைப்பு இருக்கிறதென்று ஆதார் தளத்திலேயே பார்க்கலாம். அலைவதற்கு முன் அதைப் பாருங்கள்.