மோட்டார்ஹோமுக்குப் பின்னால் காரை இழுத்துச் செல்ல ஆகும் செலவு: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை வசதிகள் கொண்ட பெரிய வண்டியில்) நெடும்பயணம் செல்வோர் பலர், முகாமில் அந்தப் பெரிய வண்டியை நிறுத்திய பின் கடைக்கும் மலைப்பாதைக்கும் சென்றுவர ஒரு காரையும் பின்னால் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். கார் நான்கு சக்கரங்களிலும் உருண்டு வரும் முறைக்கான செலவை ஜீப் ராங்லரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் டோ பாரின் (காரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் இழுவைக் கம்பியின்) விலையை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டமிடுகிறார்கள். ஆனால் மொத்தச் செலவில் அது ஏறக்குறைய கால் பங்குதான்.

படி 1: காரின் கையேட்டைப் படியுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. ஆனால் இதைத் தவிர்த்தால் வரும் இழப்பே எல்லாவற்றிலும் பெரியது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பெட்டிக்கு எண்ணெயைச் செலுத்தும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் இயங்கும் என்பதால், எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்துச் சென்றால் உள்ளே சுழலும் பாகங்கள் எண்ணெயின்றித் தேய்ந்து எரிந்துபோகும். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறும்: ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை இம்முறைக்கு ஏற்றதாக இருந்தது, 2015இல் சிவிடி எனப்படும், படிநிலையின்றி வேகம் மாறும் கியர்பெட்டி வந்ததும் அந்த வசதி போய்விட்டது. ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியை) நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரங்களைக் கியர்பெட்டியிலிருந்து விடுவிக்க முடியும் என்பதால்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் வைக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எடைக் கணக்கு

பெட்ரோல் மோட்டார்ஹோம்கள் பலவற்றின் ஹிட்ச் (வண்டியின் பின்புற இழுவை இணைப்பு) 5,000 பவுண்டு வரை தாங்கும். டீசல் வண்டிகளில் 10,000 பவுண்டும் அதற்கு மேலும் உண்டு. நான்கு கதவு ராங்லர் 4,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். மோட்டார்ஹோமைத் தண்ணீர், எரிபொருள், சாமான்கள் அனைத்தோடும் லாரி எடைமேடையில் நிறுத்தி எடை பாருங்கள். வண்டியும் காரும் சேர்ந்து இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்த மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் வரும் எண், ஹிட்சின் வரம்பு, டோ பாரின் வரம்பு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

படி 3: உங்களோடு நிற்பதையும் காரோடு போவதையும் பிரித்து எழுதுங்கள்

எனக்கு இதுவே இந்தக் கணக்கின் உயிர்நாடி. டோ பார் சுமார் 1,000 டாலர், பாதுகாப்புக் கம்பிவடம் 100, தூக்கி மாற்றக்கூடிய பிரேக் கருவி 1,300, ஹிட்சின் உயரத்தைச் சரிசெய்யும் இணைப்பு 100 என்று வைத்தால் 2,500 டாலர் ஆகிறது. நாளை காரை மாற்றினாலும் இவை பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். காரின் முன்புறச் சட்டத்தில், டோ பாரை மாட்டுவதற்காக முடுக்கப்படும் பேஸ் பிளேட் 550, விளக்கு வயரிங் 200, பட்டறைக் கூலி 900 எனச் சேரும் 1,650 டாலரோ அந்தக் காரோடு போய்விடும். ஆக மொத்தம் 4,150 டாலர். இவை தோராயமான விலைகள். முன்புற பம்பரைக் கழற்றி மாட்ட வேண்டிய கார்களில் கூலி இன்னும் ஏறும். ஆகவே, இன்னும் இரண்டே ஆண்டுகளில் விற்கப்போகும் காருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

பட்டியலைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது பிரேக் கருவியில்தான். பெரிய வண்டி எப்படியும் நிறுத்திவிடும் என்று எண்ணுகிறார்கள். ஆனால் இறக்கத்தில் பின்னாலிருந்து 4,000 பவுண்டு தள்ளும்போது நிற்கும் தூரம் நீள்கிறது, மோட்டார்ஹோமின் பிரேக்குகள் சூடேறி வலுவிழக்கின்றன. குறிப்பிட்ட எடைக்கு மேல் இழுக்கப்படும் வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்களின் சட்டமும் சொல்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு முன் வைத்து பெடலை அழுத்தும் பெட்டி வகையை வேறு காருக்கும் மாற்றிக்கொள்ளலாம். நிரந்தரமாகப் பொருத்தும் வகைக்குக் கூலி கூடும் என்றாலும் ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்கும் வேலை மிச்சம். எதை வாங்கினாலும், இணைப்பு அறுந்து கார் தனியே பிரிந்தால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் சுவிட்ச் அதில் இருக்க வேண்டும்.

படி 5: விளக்கும் உயரமும்

மோட்டார்ஹோமின் சைகை விளக்குகள் காரிலும் எரிய வேண்டும். அந்த மின்சாரம் காரின் மின்னணுப் பாகங்களுக்குள் திரும்பிப் பாயாமல் டையோடுகள் தடுக்கும். டோ பார் தரைக்கு இணையாக, 3 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது.

படி 6: எழுத்தில் விலை கேளுங்கள்

பட்டறையில் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், ஒவ்வொரு பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருத்தி முடிந்ததும் காலியான வாகன நிறுத்துமிடத்தில் கட்டவும் அவிழ்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். கட்டிய நிலையில் பின்னோக்கி ஓட்டவே கூடாது. சில அடிகளே ஆனாலும் முன்சக்கரங்கள் திரும்பி டோ பார் வளைந்துவிடும், வாங்கிய 1,000 டாலர் பொருளை மறுபடியும் வாங்க வேண்டிவரும். முதல் பயணத்தில் சில மைல்கள் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, போல்ட்டுகளையும் பின்களையும் கையால் தொட்டுப் பார்த்து, காரின் சக்கரங்கள் சூடேறியிருக்கின்றனவா என்று சோதித்த பிறகு புறப்படுங்கள்.