சரிவு நிலத்தில் வரப்பு எந்த இடத்தில் போடணும்?

ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். அது நம்ம காட்டிலேயே இறங்கினால் நமக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் வரவு. ஓடிவிட்டால் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் போகும், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கரைந்தாலே ஏக்கருக்கு ஐந்து டன் போச்சு, போட்ட எருவும் அதோடு சரி. அந்த மண் கடைசியில் ஊர் ஏரியில் போய்ப் படுக்கும், அப்புறம் ஏரி மேடாகிவிட்டது என்று எல்லோரும் சேர்ந்து புலம்புவோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் செம்மண் காடுகளில் வரப்பு இல்லாமல் இல்லை. பாகம் பிரித்த கோட்டில் வரப்பு கிடக்கும், தண்ணீர் வேறு கோட்டில் ஓடும், அதுதான் சிக்கல். வரப்பு சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகணும். கண்ணால் பார்த்து மட்டம் பிடிக்க முடியாது, முயற்சி பண்ணாதீர்கள்.

ஒரே நீளமுள்ள இரண்டு ஆறடிக் கழிகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கழி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இதுதான் ஏ பிரேம். தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை அதே இடத்தில் இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். காட்டின் ஓரத்தில் தொடங்கி, ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுற்றி, கயிறு நடுவில் வரும் இடத்திலெல்லாம் முளை அடித்துக்கொண்டே போங்கள்.

அந்தக் கோட்டில்தான் வரப்பு. மண்ணை மேட்டுப் பக்கத்திலிருந்து எடுங்கள், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று இறங்கும். ஒன்றரை அடி உயர வரப்புக்கு அடிப்பாகம் ஐந்தடியாவது அகலம் வேண்டும். ஓரத்தில், வரப்புத் தலையைவிட அரை அடி தாழ்வாக, கல் பரப்பி ஒரு வடிகால் விடுங்கள். இதை விட்டுவிட்டால் பெருமழையில் வரப்பே உடையும்.

கரிசல்காரர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். கரிசல் வெயிலில் வெடிக்கும், தண்ணீரும் சட்டென்று இறங்காது. நூறு அடிக்கு மூன்று நான்கு அங்குலம் சரிவு கொடுத்து, தண்ணீர் மெல்ல நடந்து பண்ணைக்குட்டைக்குப் போகும்படி விடுங்கள்.

மழை தொடங்கும்போது வரப்போரம் வெட்டிவேர் தூர்களை அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதால் பயிரோடு சண்டை போடாது. இளந்தழையை அறுத்து மாட்டுக்குப் போடலாம். வேரை விற்கலாம் என்று ஆசைப்பட்டுத் தோண்டினால் வரப்பும் கூடவே வந்துவிடும்.

ஒன்று மட்டும், தனியாகத் தொடங்காதீர்கள். மேல்காட்டுக்காரர் தண்ணீரைத் திறந்து விட்டால் கீழ்க்காட்டு வரப்பு ஒரு மழைகூடத் தாங்காது, அதனால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு, வேலையை அவர் காட்டிலிருந்தே தொடங்கி இறங்கி வாருங்கள். முதல் பெருமழை விட்ட கையோடு மண்வெட்டியோடு போய்ப் பாருங்கள், எங்காவது வழிந்திருந்தால் அன்றே இரண்டு கூடை மண் போட்டு அடைத்துவிடலாம்.