லேப்டாப் பேட்டரி 98 காட்டினால் நம்பிவிடலாமா?

ரங்கூனில் கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வேலையைப் போட வேண்டியிருக்கிறது. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் பேட்டரியைத்தான். என் சித்தப்பா மகன் மொகல் தெருப் பக்கம் போய், லினக்ஸ் போட்ட ஒன்றை வாங்கி வந்தான். "அண்ணே, கெப்பாசிட்டி 98 காட்டுது, புதுசு மாதிரி" என்றான். அன்று ராத்திரி கரண்ட் போனது. மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அவன் பார்த்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் பேட்டரி ஃபோல்டரில் உள்ள கெப்பாசிட்டி. இப்போது எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். பேட்டரி விவரம் காட்டும் யூபவர் கட்டளையிலும் அதே பெயரில் ஒரு வரி வரும். அங்கே அது பேட்டரியின் ஆரோக்கியம், சார்ஜுக்கு பெர்சென்டேஜ் என்று தனி வரி. பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

நாமே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. அதே ஃபோல்டரில் எனர்ஜி ஃபுல், எனர்ஜி ஃபுல் டிசைன் என்று இரண்டு ஃபைல் இருக்கும். முதலாவது, இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. அடுத்தது, புதிதில் கொள்ள வேண்டிய அளவு. மைக்ரோவாட் மணியில் இருப்பதால் கடைசி ஆறு இலக்கத்தை வெட்டிவிட்டுப் படியுங்கள். தம்பிக்கு வந்தது 27, 50. 27ஐ 50ஆல் வகுத்தால் 54 சதவீதம்! சில லேப்டாப்பில் எனர்ஜிக்குப் பதில் சார்ஜ் ஃபுல், சார்ஜ் ஃபுல் டிசைன் என்று ஆம்பியர் மணிக் கணக்கில் இருக்கும். ஃபைலே இல்லை என்று விட்டுவிடாமல் அந்த இரண்டையும் வகுத்துப் பாருங்கள்.

பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது என்று காட்டும் சைக்கிள் கவுண்ட் 0 என்றிருந்தால் புது பேட்டரி என்று மயங்க வேண்டாம். பல லேப்டாப்கள் அதைச் சொல்வதே இல்லை.

அப்புறம், 80க்கு மேல் ஏற்றாதே என்ற அறிவுரை. எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்புக்கு அது சரி. டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளில் அந்த வரம்பைப் போட்டுவிட்டு மறந்துபோய், 80லேயே நிற்கிறதே, பேட்டரி போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. எங்கள் ஊர் நிலைமைக்கு, நீண்ட மின்வெட்டு வரும் என்று தெரிந்தால் முதல் நாளே வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்வேன். மின்வெட்டில் அந்த 20 சதவீதம்தான் கைகொடுக்கும்.

வகுத்து வந்த ஆரோக்கிய எண்ணை ஒரே நாள் பார்த்துப் பதற வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடுதான் அது. கொஞ்சம் ஏறும், இறங்கும். மாதம் ஒருமுறை குறித்து வைத்தால் போக்கு தெரிந்துவிடும்.

எந்தக் கட்டளையும் சொல்லாத ஒன்றும் உண்டு: வீக்கம். ஏப்ரல் வெயிலில் மெத்தைமேல் வைத்து ஓட்டிய லேப்டாப்பை மேசையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.